வீடு வந்தது, சைக்கிளும் வந்தது... பாதை?

வீடு கட்டும்போது அடுப்பு எந்த மூலையில், ஜன்னல் எந்தப் பக்கம் என்று எவ்வளவு யோசிக்கிறோம்! ஆனால் வாசற்படியிலிருந்து பஸ் ஸ்டாப் வரை உள்ள பாதையை யார் யோசிக்கிறார்கள்? பால், ரேஷன், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அதில் நடப்பது பெரும்பாலும் நாம்தானே!

வசதியான தெருக்களிலேயே இந்தப் பாடு என்றால், ஊர்க்கோடியில் குடியமர்த்தப்பட்டவர்கள் கதி? சென்னையையே எடுத்துக் கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டு முதல், நகரின் நடுவே குடிசைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் துரைப்பாக்கத்தை ஒட்டிய கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டன. நடந்தே வீட்டு வேலைக்குப் போய் வந்த பெண்கள் பலர் பஸ்ஸை நம்ப வேண்டியதாயிற்று. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல காரியம்தான். ஆனால் பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் இருட்டும், மூடாத சாக்கடையும் குறுக்கே நின்றால்?

சைக்கிள் கதையும் இதேதான். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் தந்தார். விவசாயக் கூலிகளும் கல் உடைக்கும் பெண்களும் கூடப் பெடலை மிதித்தார்கள். தண்ணீருக்கும் சந்தைக்கும் போக அப்பா, அண்ணன், புருஷன் என்று யாருக்கும் காத்திருக்க வேண்டாம் என்ற நிலை! பின்னால் அரசாங்கமே மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் இலவசச் சைக்கிள் கொடுத்தது. ஆனால் "மெயின் ரோட்டுல லாரி வருதும்மா, வேண்டாம்" என்று நாமே தடுத்தால், சைக்கிள் துணி காயப்போடத்தான் உதவும்!

பாதை போட இன்ஜினீயர் வேண்டும். ஆனால் எங்கே கால் தடுக்கிறது என்பது நடப்பவளுக்குத்தான் தெரியும். ஆகவே திட்டம் நம் தெருவிலிருந்தே தொடங்கட்டும். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர், தடி ஊன்றும் ஒரு பாட்டி, பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை எல்லாரும் சேர்ந்து ஒரு நோட்டுப் புத்தகமும் அளவு டேப்பும் எடுத்துக் கொண்டு நடந்து பாருங்கள். காலையில் ஒரு தடவை, பள்ளி விடும் நேரத்தில் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை.

என்னென்ன குறிப்பது?

நடைபாதையின் அகலம்: இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதல்படி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது சுமார் ஆறடி வேண்டும். இடுப்பில் குடத்தோடு இருவர் எதிரெதிரே உரசாமல் போகலாம்.

உயரம்: 15 சென்டிமீட்டருக்கு, அதாவது அரையடிக்கு மேல் கூடாது. அதற்கு மேல் போனால் பாட்டி ரோட்டில்தான் இறங்கி நடப்பார்.

வெளிச்சம்: எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை?

கடக்கும் இடம்: பள்ளி, ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் முன்னால் ஜனங்கள் உண்மையில் எங்கே கடக்கிறார்கள்? அங்கேயே நடைபாதை மட்டத்துக்குச் சாலையை உயர்த்தி அமைத்தால் வண்டி தானாக வேகம் குறையும்.

வேகம்: மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் மோதினால் நடப்பவர் பிழைக்க வாய்ப்பு அதிகம், 50-ல் அது வெகுவாகக் குறைந்து விடுகிறது. உட்தெருக்களில் வண்டிகளை 30-க்குள் அடக்கினாலே போதும், சைக்கிளுக்குத் தனிப்பாதை தேவைப்படாது. பெரிய சாலையில் மட்டும் தடுப்பு வைத்த தனிப்பாதை அவசியம்.

இன்னொன்று. நடைபாதை வேண்டும் என்றதும் இட்லிக் கடை ஆயாவைத் துரத்தி விடாதீர்கள்! அவர் கடை விளக்கும், "யாரும்மா அது?" என்ற குரலும்தான் ராத்திரியில் நமக்குக் காவல். தெரு வியாபாரிகளின் பிழைப்பைக் காக்க 2014-ல் சட்டமே வந்திருக்கிறது. அவருக்கும் இடம் ஒதுக்கித்தான் கோடு போட வேண்டும்.

குறித்ததை ஒரு தாளில் படமாக வரையுங்கள். செலவு குறைந்த வேலைகளை முதலில் எழுதுங்கள்: விளக்கு, சாக்கடை மூடி, வேகத்தடை. எல்லாரும் கையெழுத்திட்டு, கிராமமானால் கிராம சபையிலும், நகரமானால் 2022-ல் விதிகள் வகுக்கப்பட்ட பகுதி சபையிலும் கொடுங்கள். ஒரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்க மறக்க வேண்டாம். "பார்க்கலாம்" என்பார்கள். அடுத்த கூட்டத்துக்கும் அதே தாளோடு போங்கள்.

"தெரு விளக்குக்குப் போய் பொம்பளைங்க பேசணுமா?" என்று வீட்டில் யாராவது கேட்டால், ஏழு மணிக்கு மேல் அவரையே அந்தத் தெரு வழியாக நடந்து போய் ரேஷன் அரிசி தூக்கி வரச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அவரும் கூட வருவார்!