நிலத்தைப் படிக்கும் படிப்பு

நேற்றுவரை இனித்த கடலோரக் கிணறு இன்று உவர்ப்பது ஏன்? நிலத்தடியில் நன்னீர், கடலிலிருந்து ஊடுருவிய உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவின்றி இறைப்பதால் நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால், அடியிலுள்ள உப்புநீர் ஏறத்தாழ 40 அடி உயரக்கூடும் என்பது அறிஞர் கணக்கு. இத்தகைய நுட்பங்களைக் கற்பிப்பவையே நிலவியல் (ஜியாலஜி), சுற்றுச்சூழலியல் முதுகலைப் படிப்புகள்.

ஆனால், இரண்டும் ஒன்றென எண்ணிவிடாதீர்கள்! 1851-இல் தொடங்கப்பெற்ற இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலவியலாளர் பணிக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகின்றது. அதனை எழுத நிலவியல் சார்ந்த முதுகலைப் பட்டம் வேண்டும்; பொதுவான சுற்றுச்சூழல் அறிவியல் பட்டம் போதாது. சுற்றுச்சூழலியல் பயின்றோர்க்கு மாசுக் கட்டுப்பாடு, ஆய்வுக்கூடம், கல்லூரி ஆசிரியப் பணி என வேறு வழிகள் உண்டு.

நிலவியலில் இளங்கலை முடித்தோர் 'ஜாம்' நுழைவுத் தேர்வில் தேறினால் மும்பை, ரூர்க்கி ஐ.ஐ.டி.களில் முதுகலை பயிலலாம்.

பெற்றோர்களே! பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்த்துவிடாதீர்கள். அப்பட்டம் எந்தப் பணியின் வாசலைத் திறக்கும், எதனைத் திறவாது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்தறியுங்கள். ஈராண்டு உழைப்பும் பொருளும் வீணாகாதிருக்க அதுவே வழி.