வீட்டுக்குள் இருக்கும் பொருளும் வீடு இருக்கும் இடமும்



வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது நமக்குப் புதிதல்ல. சோப்பு விற்கிற கம்பெனியும் கணக்கெடுக்கிறது, அரசும் எடுக்கிறது, நாமும் எடுக்கிறோம். எதைக் கேட்கிறோம் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. கேள்வி மாறினால் அதே குடும்பம் வேறு வகுப்பில் போய் விழுகிறது.

1889இல் சார்லஸ் பூத் லண்டன் தெருக்களுக்கு வருமானப்படி நிறம் பூசி வரைபடம் வெளியிட்டார். மிக ஏழைகளின் தெரு கறுப்பு. அந்தக் கறுப்பின் விளக்கத்தில் வறுமையோடு குற்றமும் சேர்த்து எழுதப்பட்டது. இல்லாமையை ஒழுக்கக்கேடாகப் பார்க்கும் பழக்கம் கணக்கெடுப்போடு கூடவே பிறந்தது. 1970களில் அமெரிக்காவின் கிளாரிடாஸ் நிறுவனம் அஞ்சல் குறியீட்டு வாரியாகக் குடும்பங்களை வாழ்க்கைமுறைக் குழுக்களாகப் பிரித்தது. அருகருகே வசிப்பவர்கள் ஒரே மாதிரி வாழ்வார்கள் என்பது அதன் அடிப்படை. நம் கிராமத்தில் ஊருக்கும் சேரிக்கும் ஒரே பின்கோடுதான். அந்த அடிப்படை இங்கே முதல் தெருவிலேயே உடைந்துபோகிறது.

இந்தியச் சந்தை ஆய்வாளர்கள் 2011இல் ஒரு புதிய அளவுகோல் கொண்டுவந்தார்கள். கேள்வி இரண்டே இரண்டு. குடும்பத்தில் முதன்மையாகச் சம்பாதிப்பவர் எதுவரை படித்திருக்கிறார்? 11 பொருள்களில் எத்தனை இருக்கின்றன? மின் இணைப்பு, சீலிங் ஃபேன், கேஸ் அடுப்பு, இருசக்கர வாகனம், கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கணினி, கார், ஏசி, விவசாய நிலம். இதை வைத்து ஏ1 முதல் இ3 வரை 12 படிநிலைகள். இந்தப் பட்டியலில் ஓர் ஏக்கர் நிலமும் ஒரு டிவியும் ஒரே எண்ணிக்கை. சாதி என்ற கேள்வியே இல்லை.

நிலக்கோட்டைப் பக்கம் பூ பறிக்கப் போகிற ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். டிவி 2006க்குப் பிறகு அரசு கொடுத்தது. மடிக்கணினி பிள்ளைக்குப் பள்ளியில் கிடைத்தது. ஃபிரிட்ஜும் வண்டியும் தவணையில் வந்தவை. மின்சாரம், ஃபேன், கேஸ் அடுப்பு சேர்த்தால் ஏழு பொருள். சந்தைக் கணக்கில் இந்தக் குடும்பம் படிநிலையின் நடுப்பகுதிக்கு ஏறிவிடும். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. வாரக் குழுக் கடனுக்கே கூலியில் பாதி போகிறது. பொருள் இருப்பதைக் கேட்டவர்கள், அது எந்தக் கடனில் வந்தது என்று கேட்கவில்லை.

அரசு என்ன செய்தது? 2011 சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பில் கிராமக் குடும்பங்களுக்கு ஏழு இல்லாமைக் குறியீடுகள் வைத்தார்கள். பட்டியல் சாதி அல்லது பழங்குடிக் குடும்பமா என்பது அதில் ஒன்று. நிலமற்ற கூலிக் குடும்பமா என்பது இன்னொன்று. ஆனால் அதற்கு முன்பே 14 விலக்கல் விதிகள் ஓடிவிடும். மோட்டார் வண்டி இருந்தால் வெளியே. ஃபிரிட்ஜ் இருந்தாலும் வெளியே. நிலமில்லாததும் சேரியில் பிறந்ததும் அதன்பின் எண்ணப்படவே மாட்டா. மல்லிகை வாடுவதற்குள் சந்தைக்குப் போயாக வேண்டும்; அதற்கு வாங்கிய பழைய வண்டியும் வசதிக்குச் சாட்சியாகிவிடுகிறது. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்துக்கும் ஆயுஷ்மான் பாரத்துக்கும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்பட்டது இந்தக் கணக்கெடுப்புதான். திரட்டிய சாதிவாரி விவரங்களோ வெளியிடப்படவே இல்லை.

ஆக, ஒரே குடும்பம் கம்பெனிக்கு நல்ல வாடிக்கையாளர், அரசுக்குத் தகுதியில்லாதவர், ஊருக்கு இன்னமும் சேரிக்காரர். நிலக்கோட்டை தனித்தொகுதிதான். நம்மவர் சட்டமன்றம் போகிறார் என்பதால் நம் தெருவின் நிலை தானாகத் தெரிந்துவிடாது.

குடும்பங்களை வகை பிரிப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. 'தலித் மக்கள்' என்று மொத்தமாகப் பேசுவதிலும் மறைவது உண்டு. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததே, உள்ளே இருக்கும் ஏற்றத்தாழ்வை எண்ணிக் காட்டியதால்தான். நம் கேள்விகளை நாமே எழுத வேண்டும். நிலம் யார் பேரில் இருக்கிறது? 1892இல் தொடங்கிய பஞ்சமி ஒப்படைப்பு நிலம் இந்த ஊரில் உண்டா, இப்போது யார் கையில்? அட்வான்ஸ் வாங்கி யாரிடம் வேலைக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள்? குடிதண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது? பிணத்தை எந்த வழியாகக் கொண்டுபோகிறார்கள்? கடன் எவ்வளவு, அதில் பெண் பேரில் எவ்வளவு?

வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. 2027இன் அந்த எண்கள் வரும்போது, ஒவ்வொரு சாதியிடமும் எத்தனை பேர் என்பதோடு எவ்வளவு நிலம் என்றும் நாம் கேட்க வேண்டும். அதற்கு நம் கையில் நம் கணக்கு இருக்க வேண்டும். மாணவர்கள் ஆளுக்கொரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த கணக்கை முதலில் அந்தத் தெருவிலேயே வாசித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் அவர்கள் திருத்தட்டும். அதன்பிறகு அதை மனுவோடு தாசில்தார் அலுவலகத்துக்குக் கொண்டுபோவோம்.