அந்தகன் அறியாத காலடி

ஆசிரம வாசலில் கண் தெரியாத கிழவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெயர் அந்தகன். வருகிறவர் யார் என்று காலடிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அந்த வீட்டுப் பிள்ளை யவக்ரியின் நடை அவருக்கு அத்துப்படி. அன்று அவனேதான் ஓடி வருகிறான். பின்னால் சூலத்தோடு பிரம்மராட்சசன் துரத்தி வருகிறான். வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் உயிர் தப்பும். ஆனால் பயந்து ஓடி வருகிறவனின் காலடியை அந்தகன் கேட்டதே இல்லை. எவனோ அந்நியன் என்று கட்டிப் பிடித்துக்கொள்கிறார். பிடித்த பிடியில் சூலம் பாய்கிறது.

கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் எழுதிய 'அக்னி மத்து மளெ' நாடகத்தில் வரும் இடம் இது. தமிழில் இதை 'அக்னியும் மழையும்' என்று மொழிபெயர்த்தவர் பெங்களூருவில் வாழும் எழுத்தாளர் பாவண்ணன். பொறாமையும் சூழ்ச்சியும் பழிவாங்கலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடும் நாடகங்கள் இந்திய மேடையில் பல உண்டு. அவற்றில் இந்த அளவுக்கு உலுக்குகிற நாடகங்கள் மிகச் சில.

மேடையில் பொறாமை என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஒத்தெல்லோ. கன்னடத்துக்கு அவனை 'சூரசேன சரித்ரே' என்று கொண்டுவந்தவர் மைசூர் அரசவைக் கவி பசவப்ப சாஸ்திரி. தமிழில் அ. மாதவையா அவனைக் கொற்கையில் வாழும் சிங்களவனாக்கி 'உதயலன்' என்று பெயர் வைத்தார். 1963இல் வந்த 'இரத்தத் திலகம்' படத்தில் சிவாஜியும் சாவித்திரியும் அந்த நாடகத்தின் ஒரு காட்சியை நடித்துக் காட்டினார்கள். ஒத்தெல்லோ நமக்கு நன்றாகவே பழகிவிட்டான். ஆனால் அவன் கதையில் விஷம் வெளியிலிருந்து வருகிறது. இயாகோ என்ற ஒருவன் காதில் ஓதுகிறான், புருஷன் சந்தேகப்படுகிறான், பெண்டாட்டி சாகிறாள். இயாகோ அங்கே இல்லாவிட்டால் அந்த வீடு பிழைத்திருக்கும் என்று பார்க்கிறவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ள முடிகிறது.

கர்னாட் அந்த ஆறுதலைக்கூட விட்டுவைக்கவில்லை. அவர் எழுதியதைச் சரியாகச் சொல்லத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: பங்காளிக் காய்ச்சல்.

கதை மகாபாரதத்தின் வனபர்வத்தில் வருவது. யாத்திரை போகிற பாண்டவர்களுக்கு லோமச முனிவர் சொல்கிறார். இந்தக் கிளைக்கதை கர்னாட் கைக்கு வந்தது ஒரு தமிழர் வழியாக. கல்லூரி நாளில் ராஜாஜியின் சுருக்கமான மகாபாரதத்தில்தான் இதை முதலில் படித்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார். 1940களில் 'கல்கி'யில் 'வியாசர் விருந்து' என்று தொடராக வந்து, பிறகு ஆங்கிலத்துக்குப் போன நூல் அது. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்து பெங்களூரு சென்ட்ரல் காலேஜில் படித்தவர் ராஜாஜி. ஏட்டுப் படிப்பு மட்டும் போதாது என்ற நீதிக்காக அவர் விட்டுவைத்த கதை, கர்னாட் மனதில் முப்பத்தேழு வருடம் கிடந்தது. கடைசியில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து கத்ரி தியேட்டர் ஒரு நாடகம் கேட்டபோது அது முழு உருவம் எடுத்தது.

மூலத்தில் பரத்வாஜரும் ரைப்யரும் நண்பர்கள். கர்னாட் அவர்களை அண்ணன் தம்பிகளாக்கினார். இந்த ஒரே மாற்றத்தில் பரத்வாஜரின் மகன் யவக்ரியும், ரைப்யரின் மக்களான பராவசுவும் அரவசுவும் பங்காளிகள் ஆகிவிடுகிறார்கள். பத்து வருடமாக நாட்டில் மழை இல்லை. மழைக்காக ஏழு வருட யாகம் நடக்கிறது. அதன் தலைமைப் புரோகிதர் பதவி பராவசுவுக்குப் போகிறது. தன் அப்பாவுக்கு உரிய மரியாதையை இந்தக் குடும்பம் பறித்துவிட்டது என்று குமுறும் யவக்ரி, யாகத்துக்கு முன்பே காட்டுக்குப் போய்ப் பத்து வருடம் தவம் கிடக்கிறான். இந்திரன் கொடுத்த ஞானத்தோடு திரும்பி வந்தவன் மனதில் அந்தப் பழைய காய்ச்சல் ஒரு டிகிரிகூட இறங்கவில்லை.

திரும்பியதும் அவன் தேடிப் போவது பராவசுவின் மனைவி விசாகையை. முன்பு அவனை விரும்பியவள். புருஷன் யாகசாலைக்குப் போய்விட்டான், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. ஆசையாக நாலு வார்த்தை பேச ஒருவன் வந்ததும் இளகிவிடுகிறாள். மாமனார் ரைப்யர் தெரிந்துகொண்டு அவளை அடிக்கிறார். தலைமுடியைப் பிடுங்கி எறிந்து பிரம்மராட்சசனை வரவழைத்து யவக்ரிமேல் ஏவுகிறார். விசாகை பதறி ஓடிப்போய் எச்சரிக்கிறாள். அப்போதுதான் தெரிகிறது, இதெல்லாம் அவன் போட்ட கணக்கு என்று. ரைப்யரைச் சீண்டிவிட இவள் வெறும் தூண்டில் புழு.

நாடகத்தின் உச்சம் இங்கேதான். யவக்ரியின் உயிர் அவன் கமண்டலத்து மந்திர நீரில் இருக்கிறது. மகாபாரதத்தில், மருமகள் சாயலில் ரைப்யர் படைத்து அனுப்பும் மாயப்பெண் அந்தத் தண்ணீரைக் கவர்ந்து போகிறாள். கர்னாட் அந்த மாயப்பெண்ணையே நீக்கிவிட்டார். அவர் நாடகத்தில் விசாகையே கமண்டலத்தைக் கவிழ்க்கிறாள். நீர் மண்ணில் கொட்டி, வறண்ட தரை உறிஞ்சிக்கொள்கிறது. மூலக்கதையில் ஆண்கள் கையில் பண்டமாக இருந்தவளுக்கு இங்கே சொந்தக் கோபமும் கணக்குத் தீர்க்கும் கையும் கிடைக்கின்றன. மேடையில் அது ஒரு குடம் தண்ணீர் கொட்டுகிற சத்தம்தான். பத்து வருடப் பஞ்சம் நடக்கிற நாடகத்தில் அந்தச் சத்தம் வயிற்றைப் பிசைகிறது.

அடுத்து பராவசு. இரவில் ரகசியமாக வீட்டுக்கு வருகிறான். மாமனார் தன்மேல் கண் வைத்திருப்பதை விசாகை சொல்கிறாள். மகனுக்குக் கிடைத்த பதவி அப்பனையே எரிக்கிறது என்பதும் அவனுக்குத் தெரிந்ததுதான். இருட்டில் அம்பு விட்டு அப்பாவைக் கொல்கிறான். காட்டு மிருகம் என்று நினைத்து எய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஈமக்கடனைத் தம்பி அரவசு தலையில் கட்டிவிட்டு யாகசாலைக்குத் திரும்பியவன், காரியம் முடித்து வந்த அந்தத் தம்பியையே அப்பனைக் கொன்ற பித்ருகாதகன் என்று ஊரறிய விரட்டுகிறான். இயாகோவின் சூழ்ச்சியில் ஒத்தெல்லோ அந்நியனிடம் ஏமாந்தான். கூடப்பிறந்தவனே கழுத்தறுத்தால் அரவசு யாரிடம் போய்ச் சொல்வான்?

கர்னாட் 2019 ஜூன் 10 அன்று பெங்களூருவில் காலமானார். அவர் வாழ்ந்த ஜே.பி. நகரில்தான் 'ரங்க சங்கரா' அரங்கம் இருக்கிறது. நடிகர் சங்கர் நாக் நினைவாக அருந்ததி நாக் முன்னின்று எழுப்பி 2004இல் திறந்தது. நாடகம் தொடங்கிய பிறகு யார் வந்தாலும் கதவு திறக்காது. அதே மேடையில் 2005இல் கர்னாட் 'ஒடகலு பிம்ப' நாடகத்தைக் கொண்டுவந்தபோது, கன்னடத்தில் நடித்தவர் அருந்ததி நாக். அதுவும் காய்ச்சல் கதைதான். இந்த முறை அக்கா தங்கைக்குள்.

மஞ்சுளா கன்னட எழுத்தாளர். ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி உலகப் புகழ் பெற்றவர். டிவி ஸ்டுடியோவில் பேசி முடித்து எழுந்தால், திரையில் இருக்கும் அவருடைய பிம்பமே கேள்வி கேட்கத் தொடங்குகிறது. நாவலை எழுதியது சக்கர நாற்காலியில் முடங்கிக் கிடந்து இறந்துபோன தங்கை மாலினி என்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. கணவன் பிரமோத்தின் மனமும் அந்தத் தங்கை பக்கம் சாய்ந்திருந்தது. மேடையில் ஒரே நடிகை, எதிரில் ஒரு திரை. வனபர்வத்துக் காய்ச்சல் ஸ்டுடியோ விளக்கின் கீழும் குறையவில்லை என்பதை இதைவிடச் சிக்கனமாகக் காட்ட முடியாது.

'அக்னியும் மழையும்' நாடகத்தை வைத்து 'அக்னி வர்ஷா' என்ற பெயரில் அர்ஜுன் சஜ்னானி 2002இல் எடுத்த இந்திப் படத்தில் இந்திரனாக அமிதாப் பச்சனும் பிரம்மராட்சசனாகப் பிரபுதேவாவும் நடித்தார்கள். கூட்டம் கூட்டமாக நட்சத்திரங்கள் இருந்தும், நாடகத்தின் இறுக்கம் அதில் கைகூடவில்லை.

மகாபாரதத்தில் அரவசுவின் தவத்துக்கு மெச்சித் தேவர்கள் செத்தவர்களை எல்லாம் எழுப்பிவிடுகிறார்கள். கர்னாட் அதற்கு ஒப்பவில்லை. அவர் புதிதாகப் படைத்த வேட்டுவப் பெண் நித்திலை, அரவசுவைக் காக்க வந்த இடத்தில் சொந்தப் புருஷன் கையாலேயே கழுத்து அறுபட்டுச் சாகிறாள். இந்திரன் வரம் தர முன்வருகிறான். அவளை எழுப்பக் காலத்தைத் திருப்பினால் அத்தனை பேரும் எழுவார்கள், அத்தனை பகையும் எழும். அரவசு அவளைக் கேட்காமல், அலைகிற பிரம்மராட்சசனுக்கு விடுதலை கேட்கிறான். இடி இடிக்கிறது. ஊர் ஆர்ப்பரிக்கிறது. அரவசு நித்திலையின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மழை பெய்வதை அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.