உங்களுக்குத் தெரியுமா? அச்சில் பூக்கும் மொறுமொறுப்பு

வாஃபிளைப் போலவே அச்சு முறுக்கும் சூடான உலோக அச்சில் உருவம் பெறும் பலகாரம். தாராபுரம் உள்ளிட்ட கொங்குப் பகுதியில் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் இதைச் சுடுவார்கள். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை, எள் சேர்த்து மாவைச் சற்று நீர்க்கக் கரைக்க வேண்டும்; முட்டை அவரவர் வீட்டு வழக்கம். அச்சைக் காய்ந்த எண்ணெயிலேயே வைத்துச் சூடேற்றுவது முக்கியம். ஆறிய அச்சில் மாவு பிடிக்காது. முக்கால் பாகம் மட்டும் மாவில் முக்க வேண்டும். மேல்விளிம்பும் மூழ்கிவிட்டால் முறுக்கு கழன்று வராது. புதிதாகச் சுடுபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

அரிசி மாவில் குளூட்டன் இல்லை. படலமும் மெல்லியது என்பதால் ஈரம் எண்ணெயில் விரைந்து ஆவியாகி மொறுமொறுப்பு கிடைக்கிறது. சர்க்கரை கூடினால் வேகுமுன் கருகும். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்யும் கொக்கிஸும் இதே முறைதான்.