உப்புத் தட்டில் ‘ட’

தூத்துக்குடியில் உப்புக்கா பஞ்சம்? ஓரம் உயர்ந்த எவர்சில்வர் தட்டில் தூள் உப்பை மெல்லிசாகப் பரப்புங்கள். பிள்ளை ஆள்காட்டி விரலால் ‘ட’ எழுதட்டும். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லட்டும். தட்டை லேசாகக் குலுக்கினால் அடுத்த எழுத்துக்கு இடம் தயார். ‘ட’வின் தலையில் ஒரு புளியங்கொட்டையை வைத்தால் ‘ட்’. எடுத்தால் மறுபடி ‘ட’. புள்ளியின் வேலை சட்டெனப் பிடிபடும். கையில் கிடைத்ததை வாயில் போடும் பிள்ளையென்றால் கொட்டை வேண்டாம், விரலால் புள்ளி குத்தினாலே போதும். விரலில் கீறல் இருந்தால் உப்பு எரியும், அன்றைக்கு மணல்.

மணலில் விரலால் எழுதிப் பழகுவது திண்ணைப் பள்ளி வழக்கம்தான். சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதவைக்கும் இம்முறையைக் கைக்கொண்டு, 1797இல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். பிறகு இங்கிலாந்துப் பிள்ளைகளும் மணலில் எழுதிப் பழகினார்கள்.