ஸ்கேன் நார்மல், ஆள் நார்மல் இல்லை

பர்லியாருக்கு மேலே, குன்னூர் சாலையில் மரப்பாலம் அருகே 2023 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்தது. மலைப்பாதை விபத்துச் செய்திகள் உயிர்க்கணக்கோடு முடிந்துவிடும். வாசகர்கள் கேட்பதோ பிழைத்து வருகிறவர்களைப் பற்றி: தலையில் அடி, ஸ்கேன் நார்மல், ஆனால் மனிதர் கண்டபடி கடன் வாங்குகிறார், வெறித்தனமாக வண்டி ஓட்டுகிறார். இழப்பீட்டு மனுவுக்கான ஆறு மாதம் நெருங்குகிறது. இந்தக் குணமாற்றத்தையும் மனுவில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். கண்குழிக்கு மேலுள்ள எலும்பு கரடுமுரடானது. வண்டி மோதித் தலை நின்றாலும் மூளை உடனே நிற்பதில்லை. அதன் முன்பக்க அடிப்பகுதி அந்த எலும்பில் உராய்கிறது. நுண்ணிய நரம்பிழைச் சேதம் சி.டி. ஸ்கேனில் தெரியாமலே போகலாம்.

அந்த அடிப்பகுதி சேதமானால் என்ன ஆகும்? 1994இல் அமெரிக்காவின் அயோவாவில் பெச்சாரா, தமாசியோ குழுவினர் நான்கு சீட்டுக்கட்டுகளை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இரண்டு கட்டுகளில் சீட்டுக்கு 100 டாலர் விளையாட்டுப் பணம், இடையிடையே பெருநஷ்டம். மற்ற இரண்டில் 50தான், கடைசியில் லாபம். பிந்தைய சோதனைகளில், மூளை நலமானவர்களுக்கு மோசமான கட்டை நோக்கிக் கை நீளும்போதே தோல் லேசாக வியர்த்தது, காரணம் புரிவதற்கும் முன்பே. அடிப்பகுதி சேதமானவர்களுக்கு அந்த வியர்வை இல்லை. அவர்களில் சிலர் எது மோசமான கட்டு என்று சரியாகச் சொல்லிவிட்டு, அதிலிருந்தே எடுத்தார்கள். அந்த வியர்வைதான் எச்சரிக்கை என்ற தமாசியோவின் விளக்கத்தை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. இருந்தாலும் தெரிந்தே நீண்ட அந்தக் கை என்னை உறுத்துகிறது. கேள்வி கேட்டால் இவர்கள் சரியாகவே பதில் சொல்வார்கள். மருத்துவர் முன் தேறிவிட்டு, லோன் ஆப்பில் தோற்பார்கள்.

கோமா அளவுகோலில் 13 முதல் 15 வரை வந்தால் ‘லேசான காயம்’ என்று எழுதுகிறார்கள். அன்றைக்கு எவ்வளவு விழிப்பாக இருந்தார் என்பதற்கான மதிப்பெண் அது. இனி எப்படிக் குடும்பம் நடத்துவார் என்பதற்கு அல்ல. தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. நல்ல திட்டம்தான். குணமாற்றம் வீட்டாருக்குப் புரிவதோ பல வாரம் கழித்து.

எல்லோருக்கும் இப்படி ஆகுமா? இல்லை.

எந்தப் பரிசோதனை? நரம்பு உளவியல் மதிப்பீடு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் உண்டு. வீட்டார் கண்டதையும் தேதியோடு எழுதிக் கொடுங்கள்.

மாற்றுத்திறனாளிச் சான்று? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் விபத்துத் தலைக்காயம் பெயரோடு இல்லை.

வண்டி ஓட்டலாமா? மருத்துவர் சரி என்னும்வரை வேண்டாம்.

ஆறு மாதம்? 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள வரம்பு. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயிருக்கிறார்கள். அந்த வழக்கை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். மனுவை முதலில் போடுங்கள், மதிப்பீட்டு அறிக்கையைப் பிறகு சேர்க்கலாம்.