ரேம் கூட்டினால் வேகம் கூடுமா?

செல்போன் விளம்பரங்களில் சில ஆண்டுகளாக ஒரு கூட்டல் கணக்கு தென்படுகிறது: 8 ஜிபி + 8 ஜிபி = 16 ஜிபி ரேம். முதல் எட்டு, போனுக்குள் உண்மையிலேயே இருக்கும் சிப். இரண்டாவது எட்டு, படங்களும் வீடியோக்களும் குடியிருக்கும் ஸ்டோரேஜிலிருந்து பெற்ற கடன். இரண்டையும் கூட்டிப் பெட்டியின் மேல் அச்சிட்டுவிடுகிறார்கள். மடிக்கணினி வாங்கப் போனாலோ, "இன்னொரு 8 ஜிபி போட்டுக்கோங்க சார், பறக்கும்" என்கிறார் கடைக்காரர். கடன் வாங்கிய ரேம் ரேம்தானா? சொந்தமாக வாங்கிப் போட்டால் மட்டும் கணினி பறந்துவிடுமா? இரண்டுக்கும் விடை, ‘மெய்நிகர் நினைவகம்’ என்ற 60 ஆண்டுப் பழைய யோசனையில் இருக்கிறது.

டிரம்மும் வளையமும்

1950களின் கணினிகளில் முதன்மை நினைவகம் குட்டிக்குட்டி ஃபெரைட் வளையங்களைக் கம்பியில் கோத்துச் செய்யப்பட்டது. வேகமானது, ஆனால் விலை எக்கச்சக்கம். மலிவாகக் கிடைத்தது காந்தப் பூச்சுள்ள சுழல் உருளையான டிரம். அதுவோ பல ஆயிரம் மடங்கு மெதுவானது. பெரிய புரோகிராம் எழுதுபவர், எந்தத் துண்டு எப்போது டிரம்மிலிருந்து உள்ளே வர வேண்டும், எது வெளியே போக வேண்டும் என்பதையும் தானே எழுதித் தொலைக்க வேண்டியிருந்தது. கணக்கைவிட இடம்பெயர்ப்பே பெரும்பாடு.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையிலான குழு இந்தச் சுமையைக் கணினியின் தலையிலேயே ஏற்றியது. 1962 டிசம்பரில் தொடக்கி வைக்கப்பட்ட அவர்களது அட்லஸ் கணினியில் வளைய நினைவகம், இன்றைய அளவில் சொன்னால் வெறும் 96 கேபி. டிரம்மில் அதைப்போல ஆறு மடங்கு. நினைவகம் முழுவதையும் 512 சொற்கள் கொண்ட ‘பக்கங்களாக’ப் பிரித்து, தேவைப்படும் பக்கத்தைக் கணினி தானே டிரம்மிலிருந்து கொண்டுவந்தது. புரோகிராம் எழுதியவரின் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய நினைவகம். இதே திசையில் ஒரு யோசனையை ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ருடால்ஃப் குன்ட்ஷ் 1956இலேயே தன் முனைவர் ஆய்வேட்டில் எழுதியிருந்தார்.

இரட்டை முகவரி

மெய்நிகர் நினைவகம் என்றால் ஹார்டு டிஸ்க்கை ரேம்போலப் பயன்படுத்துவது என்றே பலரும் நினைக்கிறோம். அது இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான். சென்னைத் தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு இருக்கும். விருந்தாளிக்கு ஓர் எண் தெரிந்தால் போதும். இரண்டையும் பொருத்திப் பார்ப்பது தபால்காரர் பொறுப்பு. கணினியில் இயங்கும் ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத் தரப்பட்ட கற்பனை முகவரியை மட்டுமே அறியும். அதை ரேமின் உண்மையான முகவரியாக ஒவ்வொரு முறையும் மாற்றித் தருவது பிராசசருக்குள் இருக்கும் ஒரு தனிச் சுற்று. மாற்றுவதற்கான அட்டவணையை ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியாக எழுதி வைப்பது விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம்.

இன்டெல் நிறுவனம் 1985இல் வெளியிட்ட 80386 பிராசசர் இந்தப் பக்க முறையைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அதில் ஒரு பக்கம் 4 கேபி. இன்றும் பெரும்பாலான கணினிகளில் அடிப்படை அளவு அதுவே. ஆக, 8 ஜிபி ரேம் என்பது சுமார் 21 இலட்சம் பக்கங்கள்.

இதனால் கிடைக்கும் முதல் நன்மை பாதுகாப்பு. பிரவுசரின் அட்டவணையில் வங்கிச் செயலியின் பக்கங்களே இல்லாததால், அவற்றை எட்டிப் பார்க்க அதற்கு வழியில்லை. இரண்டாவது நன்மை சிக்கனம். பத்து மென்பொருள்களுக்குப் பொதுவான நிரல்தொகுப்பு ஒன்று ரேமில் ஒரே ஒரு பிரதியாக இருந்து, பத்து அட்டவணைகளிலும் இடம்பெற முடியும். ரேம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இந்த இரண்டும் தேவை. எனவே 64 ஜிபி ரேம் உள்ள கணினியிலும் மெய்நிகர் நினைவகம் நொடிதோறும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

பக்கம் இல்லாதபோது

மென்பொருள் கேட்கும் பக்கம் ரேமில் இல்லையென்றால் பிராசசர் நின்று இயங்குதளத்தை அழைக்கிறது. இதற்கு ‘பேஜ் ஃபால்ட்’ என்று பெயர். அந்தப் பக்கம் சேமிப்பகத்தில் இருந்தால் அங்கிருந்து எடுத்துவர வேண்டும். ரேமில் இடமில்லையென்றால், கொஞ்ச நேரமாக யாரும் தொடாத பக்கம் ஒன்றை வெளியேற்ற வேண்டும்.

இதற்கு ஆகும் நேரம்தான் விஷயம். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். எஸ்எஸ்டியில் அது சுமார் 100 மைக்ரோநொடி, அதாவது ஆயிரம் மடங்கு. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் சுமார் 10 மில்லிநொடி, இலட்சம் மடங்கு. ஆயிரம் முறை நினைவகத்தைத் தொடும்போது ஒரே ஒரு முறை பக்கம் இல்லாமல் போனால் என்ன ஆகும்? எஸ்எஸ்டி இருந்தால் சராசரி வேகம் பாதியாகிவிடும். ஹார்டு டிஸ்க் என்றால் கணினி நூறு மடங்கு மெதுவாகும். ஆயிரத்தில் ஒன்றுக்கே இந்தக் கதி. பழைய கணினியில் ரேம் கூட்டியதும் மறுபிறவி எடுத்ததுபோல் இருந்தது என்று சொல்பவர்கள் மிகைப்படுத்தவில்லை. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டவர்களும் அதையே சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

டென்னிங் சொன்ன அளவு

அப்படியானால் எவ்வளவு ரேம் போதும்? 1968இல் பீட்டர் டென்னிங் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு விடை தந்தார். ஒரு மென்பொருள் தன் பக்கங்கள் அனைத்தையும் எப்போதும் தொடுவதில்லை. குறிப்பிட்ட சிறு நேரத்துக்குள் அது திரும்பத் திரும்பத் தொடும் பக்கங்களை அவர் ‘வொர்க்கிங் செட்’ என்றார். நடப்பில் உள்ள எல்லா மென்பொருள்களின் வொர்க்கிங் செட்டும் ரேமுக்குள் அடங்கினால் தொல்லை இல்லை. அடங்காவிட்டால், இப்போது வெளியேற்றிய பக்கமே அடுத்த கணம் தேவைப்படும். அதைக் கொண்டுவர இன்னொன்றை வெளியேற்றினால், அதுவும் உடனே தேவைப்படும். பக்கங்களை ஏற்றி இறக்குவதிலேயே பொழுது போய், வேலை நடக்காது. இந்த நிலைக்கு ‘த்ராஷிங்’ என்று பெயர். மவுஸ் அம்பு உறைந்து, டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் மின்னும் நேரம் அது.

ரேம் கூட்டுவதன் பயன் இந்த எல்லை வரைக்கும்தான். வொர்க்கிங் செட் 6 ஜிபி உள்ளவருக்கு, 4 ஜிபியை 8 ஆக்கினால் வித்தியாசம் கண்கூடு. 16ஐ 32 ஆக்கினால் பணம்தான் செலவு.

கூடுதல் நினைவகம் கெடுதல் செய்த கதையும் உண்டு. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹங்கேரியர் லாஸ்லோ பெலாடியும் சகாக்களும் 1969இல் அதைக் காட்டினார்கள். முதலில் வந்ததை முதலில் வெளியேற்றுவது என்பது விதி. 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் பக்கங்கள் தேவைப்படுகின்றன. மூன்று பக்கத்துக்கு இடம் இருந்தால் 9 பேஜ் ஃபால்ட். நான்குக்கு இடம் தந்தால் குறையும் என்றுதானே நினைப்போம்? 10 ஆகிறது. தாளும் பேனாவும் எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். நீண்ட நேரம் தொடாததை முதலில் வெளியேற்றும் விதியில் இந்த விபரீதம் நேராது. இன்றைய இயங்குதளங்கள் அந்த விதியை ஒட்டியே நடக்கின்றன.

கடன் வாங்கிய ரேம்

1995இல் ரேம் விலை உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்காவின் சின்க்ரோனிஸ் நிறுவனம் ‘சாஃப்ட்ராம் 95’ என்ற மென்பொருளை விற்றது. தகவலைச் சுருக்கி ரேமை இரட்டிப்பாக்கும் என்பது விளம்பரம். நிபுணர்கள் பிரித்துப் பார்த்தால், உள்ளே சுருக்கும் வேலையே நடக்கவில்லை. அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

சுருக்கும் யோசனை என்னவோ நல்லதுதான். 2013இல் மேக் கணினிகளிலும், பிறகு விண்டோஸ் 10இலும் அது முறையாக வந்தது. ஆண்ட்ராய்டு போன்களும் பயன்படாத பக்கங்களை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கின்றன. போனின் "+ 8 ஜிபி" இதற்கும் மேல் ஓர் ஒதுக்கிடம். பின்னணியில் உறங்கும் செயலியை அங்கே கிடத்தலாம்; மறுபடி திறக்கும்போது அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டுக்கு அது வேகம் தராது.

வாங்கும் முன்

ரேம் 80 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமில் இயங்குதளம் அண்மையில் திறந்த கோப்புகளை வைத்துக்கொள்ளும். கேட்டால் உடனே காலி செய்து தரும். பார்க்க வேண்டியது பக்கப் போக்குவரத்தை. விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, வழக்கமான வேலைகளைச் செய்தபடியே மெமரி பகுதியில் ‘ஹார்டு ஃபால்ட்ஸ்’ எண்ணைக் கவனியுங்கள். எதையாவது திறக்கும்போது அது எகிறி அடங்கினால் இயல்பு. நெடுநேரம் நூற்றுக்கணக்கிலேயே நின்று, கணினியும் திணறினால் ரேம் போதவில்லை. மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் ‘மெமரி பிரஷர்’ வரைபடம் பச்சையில் இருக்கும்வரை கவலையில்லை.

போதவில்லை என்று தெரிந்தால், மூன்றைச் சரிபாருங்கள். 32 பிட் விண்டோஸின் வீட்டுப் பதிப்புகள் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தா. டிடிஆர்4 சிப்பை டிடிஆர்5 இடத்தில் செருக முடியாது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; பிறகு கூட்ட வழியில்லாததால் வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். ரேம் நிறைய இருக்கிறதே என்று, வெளியேற்றிய பக்கங்கள் போய்த் தங்கும் விண்டோஸின் பேஜிங் ஃபைலை நிறுத்திவிடவும் வேண்டாம். மென்பொருள்களுக்குத் தருவதாக இயங்குதளம் வாக்களிக்கும் மொத்த இடம், ரேமும் அந்தக் கோப்பும் சேர்ந்தது. அதை நிறுத்தினால், எல்லை முட்டும் நேரத்தில் கணினி மெதுவாகாது. மென்பொருள் பட்டென்று மூடிக்கொள்ளும்.